மூன்று கோடு

சேலம் அருணாசலம் என்ற பெயர் எனக்குள் புகுந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலத்தில் பட்டறை வைத்திருந்தவர். மதராஸ் ராஜதானியின் வெள்ளைக்கார அதிகாரிகள் காட்டுக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ளும் வேட்டைக் கத்தியும், குதிரை மேலிருந்து பன்றி குத்தும் ஈட்டியும் அவரிடம் சொல்லி வாங்கினார்கள். தன் பெயரை ஆங்கில எழுத்தில் இரும்பில் பதித்துவிடுவார். துரைமார் எழுத்துக்கூட்டலில் அது ‘அர்னாசெல்லம்’ என்று இருக்கும், கூடவே ஊர் பெயர். ஔரங்காபாத்தில் போத்ராஜ் என்று இன்னொருவர் இருந்தார். அவரும் பெயர் போடுவார். இந்தியாவில் கத்தி அடித்தவன் பெயரைக் கேட்டு வாங்கியது அந்தக் காலத்தில் அபூர்வம். அதனாலேயே இந்த இரண்டு பெயர்களுக்கும் பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.

சேலத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் அருணாசலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தது மாம்பழமும் ஸ்டீல் பிளாண்ட்டும்தான். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும் என்ற சந்தோஷம்.

அப்புறம் சேலத்துப் பக்கம் செய்த ஊட்ஸ் எஃகு இருக்கிறதே, அது ஒரு போதை. கஞ்சமலைப் பக்கத்து இரும்புத் தாதுவை உருக்கி, கிடைத்த இரும்பைத் துண்டுபோட்டு, சின்ன மண் குகைக்குள் ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் வைத்து, வாயைக் களிமண்ணால் மூடி உலையில் வேகவைப்பார்கள். கரி இரும்புக்குள் ஏறும். குகையை உடைத்தால் கட்டியாக எஃகு. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் இதை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். லண்டனில் 1795இலேயே ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். மின்சாரத்துக்குப் போவதற்கு முன் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து இதன் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பெங்களூரிலேயே சாரதா ஸ்ரீனிவாசனும் எஸ். ரங்கநாதனும் சேர்ந்து 2004இல் ஊட்ஸ் எஃகைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். நல்ல ஊட்ஸ் கத்தியைத் தேய்த்து, மெல்லிய அமிலம் காட்டினால் அலகு முழுக்க நீரோட்டம் போல ரேகை எழும்பும். அந்தப் படங்களை ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பேன். “வேற வேலையே இல்லையா?” என்பாள் மனைவி. இல்லைதான்.

நான் வேலை பார்த்தது டூல் ரூமில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அளக்காமல் ஒரு பீஸைக்கூட பாஸ் பண்ணியதில்லை என்று பெயர் வாங்கியவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது நினைவில் இருக்கட்டும் என்றுதான்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். உறவு எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்து பெரியம்மா என்றே கூப்பிட்டுப் பழக்கம். கண்டோன்மென்ட்டை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெரு அது. இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவில் இவர் வீட்டைப் போல இரண்டு மூன்று ஓட்டு வீடுகள் மிச்சம். அவர் மகள் வயிற்றுப் பேரன் பெல்லந்தூரில் ஐடி வேலை. சனி, ஞாயிறு வந்தால் புஷ்கிராஃப்ட் என்று கிளம்பிவிடுவான். கூடாரம், கேஸ் அடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு கத்தி, கொஞ்சம் கயிறு, இதை வைத்துக் காட்டில் தங்கிச் சமைத்துத் தூங்கிவிட்டு வருவது. கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கி, இங்கிலாந்தின் ரே மியர்ஸ் எல்லாம் அவனுக்குக் குலதெய்வங்கள். நம் காட்டில் சுள்ளி பொறுக்கினாலே வனத்துறை பிடித்துக்கொள்ளும் என்பதால் கனகபுரா பக்கம் நண்பனின் தோட்டத்தில்தான் இவன் வனவாசம்.

அந்தக் கூட்டத்தில் கத்திதான் எல்லாம். ஐந்து அங்குலத்துக்கு மிகாத அலகு, விறகைப் பிளக்கும்போது கட்டையால் தட்டினால் தாங்குகிற தடித்த முதுகு, கையில் நிற்கிற பிடி. கையால் அடித்த கத்தி என்றால் யார் அடித்தது என்பதுதான் முதல் கேள்வி. அலகில் பிடிக்குப் பக்கத்தில் செய்தவன் முத்திரை இருக்கும். அதைப் பார்த்து விலை ஏறும், இறங்கும்.

ஒரு நாள் அவன் பாட்டி வீட்டுச் சமையலறைப் பரணிலிருந்து ஒரு கத்தியோடு என்னிடம் ஓடிவந்தான். “அங்கிள், இதப் பாருங்க. இது யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?”

வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. கறுத்த அலகு, தடித்த முதுகு, உச்சியில் லேசாகக் கீழிறங்கும் முனை. புளியமரப் பிடி கொஞ்சம் ஆடியது. வாங்கிக் கையில் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரணக் கத்தி இல்லை. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. எடையெல்லாம் விரலுக்கு அருகில் வந்து நின்றது. அலகு பிடியிலிருந்து முனைக்குப் போகப்போக ஒரே சீராக மெலிந்தது. கண்ணும் சம்மட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சீரைக் கொண்டுவருவது என்ன பாடு என்று டூல் ரூமில் இருந்தவனுக்குத் தெரியும்.

பிடிக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரண்டு கோடுகள், நடுவில் குறுக்கே ஒரு கோடு. ஆங்கில ‘ஏ’. அதற்குப் பக்கத்தில் துரு அரித்த குழிகள் வரிசையாக. கோடுகளுக்குள் சிவப்பாக ஏதோ அடைந்திருந்தது.

‘ஏ’யில் தொடங்குகிற பெயர். வேட்டைக் கத்தி அமைப்பு. பெங்களூர்க் கண்டோன்மென்ட்டில் ஒரு பழைய வீடு. எனக்கு வேறு என்ன வேண்டும்?

“தம்பி, இது சேலம் அருணாசலமா இருக்கலாம்” என்றேன். ‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னேன். ஆனால் சொன்ன குரல் அப்படி இல்லை. அடுத்த அரை மணி நேரம் ஃபாரடே முதல் எருக்கிலை வரை அவனுக்குப் பாடம் எடுத்தேன். பெரியம்மா வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடுவில் இரண்டு தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று என் கண்ணுக்குப் பட்டும் நான் பார்க்காத விஷயங்களை இப்போது பட்டியல் போட முடியும். துணி பழையதில்லை, துவைத்த துணி. அலகில் எண்ணெய் ஈரமாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. நூற்றைம்பது வருஷத்துக் கத்தி பரணில் அநாதையாகக் கிடந்தால் எண்ணெய் யார் போட்டார்கள்? இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒரு பையன் இப்படிக் கோட்டை விட்டிருந்தால் நானே அவனை நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்.

அரத்தை எடுத்து முதுகில் ஓர் இழுப்பு, விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்திருந்தாலும் போதும். முதுகில் அரம் பிடித்திருக்கும், விளிம்பில் வழுக்கியிருக்கும். விளிம்பை மட்டும் எண்ணெயில் காட்டித் தோய்ச்சல் போட்டிருக்கிறார்கள், இது நம் ஊர்ப் பட்டறை வழக்கம் என்று அதிலேயே யோசிக்கத் தொடங்கியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. எனக்கு வேண்டியது மிச்ச எழுத்துகள். ‘ஏ’ கிடைத்துவிட்டது, அடுத்தது ‘ஆர்’ வர வேண்டும்.

கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். சிவப்பு போய்விட்டது. எழுத்து வரவில்லை. எமரித்தாள் போட்டேன். குழிகள் கொஞ்சம் ஆழம் குறைந்தன, எழுத்து வரவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பழம்பொருளில் கை வைக்கும் எவரும் முதலில் கற்கும் பாடம், கறுப்பை எடுக்காதே என்பது. எனக்கும் தெரியும். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஊட்ஸ் என்றால் கீழே அந்த நீரோட்டம் இருக்கும், அது மட்டும் தெரிந்துவிட்டால் முத்திரையே தேவையில்லை என்று மனசு அடித்துக்கொண்டது. பீனியாவில் பழக்கமான ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த பையன்மேல் பழி போட வழியில்லை; பஃபிங் சக்கரத்தில் கத்தியைப் பிடித்தது நானே. அரை மணியில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. என் முகம் தெரிந்தது. நீரோட்டம் தெரியவில்லை. முத்திரை இருந்த இடமும் வழவழ.

அதற்குள் பையன் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ஓசூரிலிருந்து அவன் மாமா ஒருவர் போன் செய்து, வித்தால் எத்தனை லட்சம் தேறும், யார் யாருக்குப் பங்கு என்று கேட்டார். பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் பையன் பேசினான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முத்திரை. எங்களிடம் இருந்தது தேய்ப்பதற்கு முன் அவன் போனில் எடுத்த மங்கலான ஒரு படம். அவர் மரியாதையாகப் போனை வைத்துவிட்டார். பேரனுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஏதோ பேச்சு முற்றி, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இத்தனை நடந்தும் நான் ‘சுத்தம் செய்ததில் கொஞ்சம் மங்கிவிட்டது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தியும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலை பெரியம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். படியேறிய மூச்சிறைப்போடு, “தம்பி, அந்தக் கத்தி ஒங்கிட்டதான இருக்கு? எடுத்துக் குடு, பூசைக்கு வெக்கணும்” என்றார்.

நான் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் பிரித்தார். பளபளப்பைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை இடது கையில் படுக்கவைத்து, வலது கைக் கட்டைவிரலைப் பிடிக்குப் பக்கத்தில் வைத்தார். பழக்கப்பட்ட விரல், பார்க்காமலே அந்த இடத்துக்குப் போனது. தடவினார். கொஞ்சம் மேலே தடவினார். கத்தியைத் திருப்பி மறுபக்கம் தடவினார். மறுபடி இந்தப் பக்கம். அந்த விரல் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன தேடுகிறது என்று அது நிற்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் அடித்த கத்தி என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

“மூணு கோடு எங்க?” என்றார்.

எங்கப்பா போட்டது, என்றார். கெலமங்கலத்தில் பட்டறை. அவருக்கு எழுத்து தெரியாது. உளியை வைத்து மூன்று கோடு, கூடாரம் மாதிரி. சந்தையில் வாங்கிப் போனவன் கத்தி உடைந்தாலோ மடங்கினாலோ கொண்டுவருவான். கோடு இருந்தால் காசு வாங்காமல் வேறு அடித்துக் கொடுப்பார். இல்லாவிட்டால் எங்கே வாங்கினாயோ அங்கே போ என்பார். சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகளை உடைத்து விற்ற காலத்தில் பெங்களூருக்கு வந்து கமான் பட்டையாகப் பார்த்து மூட்டை கட்டிக்கொண்டு போவாராம். இந்தக் கத்தி அதில் ஒன்று. கல்யாணமாகி அல்சூருக்கு வந்தபோது, “மாமியார் வீட்ல தேங்கா ஒடைக்கக்கூடக் கத்தி இருக்குமோ இருக்காதோ” என்று கொடுத்தனுப்பினாராம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, அந்த மூன்று கோட்டில் குங்குமம் வைப்பது இவர் வழக்கம்.

மண்ணெண்ணெயில் கரைந்துபோன சிவப்பு அதுதான்.

“பெரியம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்று வாய்க்கு வந்துவிட்டது. வெட்கம் கெட்ட கேள்வி.

“நீயும் அவனும் இங்கிலீசுல பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல நான் எதுக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பூஜை முடிந்து, பிடி ஆடுகிறது, அதையாவது சரி செய்து கொடு என்று கத்தியை மறுபடி என்னிடமே தந்தார். அதை நம்பிக்கை என்று சொல்வதா, வேறு ஆள் கிடைக்காததா, தெரியவில்லை. பிடியை லேசாகச் சூடு காட்டி இழுத்தேன். அரக்கும் செங்கல் தூளும் கலந்து அடைத்திருந்த பழைய கலவை பொரிந்து உதிர்ந்தது. காம்பு வெளியே வந்தது. எழுபது வருஷமாகக் காற்றே படாத இரும்பு. அடித்த சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் அப்படியே. காம்பின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு வெட்டு. கையில் வைத்து உருட்டிப் பார்த்தபோது புரிந்தது: கமான் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டுக்கான ஓட்டை, பாதி. பட்டையை அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார். கத்தி தன் பிறப்புச் சான்றிதழைப் பிடிக்குள் வைத்துக்கொண்டிருந்தது. ஆடுகிற பிடியைச் சரி செய்வோம் என்று முதல் நாளே கழற்றியிருந்தால் பார்த்திருப்பேன்.

அழிந்த கோட்டை மீட்க ஒரு வழி உண்டே என்றும் யோசித்தேன். திருட்டு வண்டியில் எஞ்சின் எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டாலும் தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் காட்டி மறுபடி எழுப்புகிறார்கள். எண்ணை அடிக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கிவிடுவதால், மேலே தேய்த்தாலும் நசுங்கல் கீழே மிச்சமிருக்கும். கேட்டதும் பையன் துள்ளிவிட்டான். நான்தான் அவனை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தோய்ச்சல் போட்ட கத்தியில் உளி வைத்து அடிக்கமாட்டார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தா கோடு போட்டது அதற்கு முன்னால். அதற்கப்புறம் அலகைச் சிவக்கக் காய்ச்சியிருக்கிறார். அந்தச் சூட்டில் இரும்பின் மணிகள் புதிதாகப் பிறந்து, பட்ட நசுங்கலை மறந்துவிடும். எழுப்புவதற்குக் கீழே எதுவும் கிடையாது. முப்பது வருஷம் படித்த உலோகவியல் அன்றைக்கு உபயோகப்பட்டது இதற்குத்தான்.

பேரன் கெலமங்கலம் போய் வந்தான். பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை. அவன் இப்போது பாட்டியிடம் நிறையக் கேட்கிறான், தமிழில் கேட்கிறான். துருத்தி ஊதியது பாட்டிதான் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் உலைக்கு அவர்தான் காற்று. ஆக, இந்தக் கத்தியைச் செய்தவர்களில் ஒருவர்தான் அன்று எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தது.

பிடியைப் புதிதாக அரக்குப் போட்டு இறுக்கிக் கொடுத்தபோது பெரியம்மா ஒரு நிபந்தனை வைத்தார். “ஒன் கையாலதான போச்சு. ஒன் கையாலயே போடு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய கத்தியில் புது முத்திரை போடுவதற்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் போலி. பேரனும் வேண்டாம் பாட்டி என்றான். எவ்வளவோ விளக்கினேன், நாளைக்கு இதைப் பார்க்கிறவன் ஏமாந்துவிடுவான் என்றேன். “நாளைக்குப் பாக்கறவன் கெடக்கான். நான் எதுல குங்குமம் வெப்பேன்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதுகை ஒட்டிய பக்கம் கெட்டியாகவில்லை, அரம் பிடிக்கும். சாய்கோணம் அளந்து, பென்சிலால் குறித்து, வைஸில் பிடித்து, முக்கோண அரத்தால் மூன்று கோடு போட்டேன். ஒரே ஆழம், ஒரே நீளம், குறுக்குக் கோடு நட்ட நடுவில். பெரியம்மா கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எங்கப்பா இவ்ளோ நேரா போடமாட்டாரு. ஒன்னு எப்பவும் குட்டையாத்தான் இருக்கும்.”

என்றைக்காவது பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூன்று கோடு போட்ட கத்தி உங்கள் கையில் சிக்கினால் கோடுகளை அளந்து பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் கெலமங்கலம் ஆசாரி போட்டது. மூன்றும் சரியாக இருந்தால் நான்.